எலுமிச்சம்பழமும் என் ஏழு வருடப் பெருமையும்

என் இடது முழங்காலில் ஒரு காயம். வட்டமாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கிறது. காரணமும் எலுமிச்சம்பழம்தான் என்பதால் அளவைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நிபோங் திபாலுக்கு அந்தப் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள்ளே முனீஸ்வரர் கோயிலுக்கு முன்னால் விழுந்தேன். விழுந்து கும்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள். முதலில் விழுந்தேன். கும்பிட்டது பிறகு.

இந்த வாராந்தரப் பத்தியில் சைக்கிளைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர், "ஐம்பத்து மூன்று வயதில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்டு எழுதுவீர்கள். இந்த வாரம் சிரமப்பட வேண்டாம். வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். இது என் முழங்காலைப் பற்றிய கதை இல்லை. ரீத்தா அக்காவின் சைக்கிளைப் பற்றிய கதை.

ரீத்தா அக்கா தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் மணி அடிக்காமலேயே வகுப்புகள் அமைதியாகும் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்ற மறுவாரமே சைக்கிள் வாங்கினார். "முப்பது வருஷத்துக்கு மேல பிள்ளைங்கள ஒக்காரு ஒக்காருன்னு சொல்லிச் சொல்லி நானும் ஒக்காந்துட்டேன் மாலா. இனிமே ஓடறேன் லா" என்றார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கே போய்விடுவார். மாதாவிடம் இதற்கு அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னார். மூன்று வருடம் இருவரும் சேர்ந்தே ஓட்டினோம்.

பிறகு அந்த சிக்னல் வந்தது.

சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாங்கள் காலில் போடும் சப்பாத்தின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். அது பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். ஓட்டுவதற்கு சுகமாக இருக்கும். நிற்கும்போது குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கால் விடுபடும். திருப்ப மறந்தால்? சைக்கிள் நிற்கும், நீங்களும் நிற்பீர்கள், பிறகு இருவரும் சேர்ந்து மெதுவாகப் பக்கவாட்டில் சாய்வீர்கள். வேகமே இல்லாத விபத்து அது.

ஜார்ஜ் டவுனில், பர்மா ரோட்டு சிக்னலில், ரீத்தா அக்கா திருப்ப மறந்தார்.

முழங்கையில் லேசான சிராய்ப்பு. அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் ஒரு பஸ் நின்றிருந்தது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டீச்சர்! டீச்சர், ஓகே ஆ?" என்று கத்தினார். அக்காவின் பழைய மாணவர். டீச்சர் என்ற சொல்லைக் கேட்டதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்து பார்த்தார்கள். எதிர்க் கோப்பிக் கடையில் இருந்தவர்களும் எழுந்தார்கள். முப்பது வருடம் 'எழுந்து நில்' என்று சொன்னவர் தரையில் கிடக்க, ஊரே எழுந்து நின்றது.

அன்றோடு சரி. ஆறு மாதமாக அந்த சைக்கிள் அவர் வீட்டு ஹாலில் நின்றது. அதன் மேல் துண்டு காய்ந்தது, ஜாக்கெட் காய்ந்தது, ஒரு நாள் மெத்தை விரிப்பு கூடக் காய்ந்தது.

நான் சும்மா இருந்தேனா? வாராவாரம் போய் அறிவுரை சொன்னேன். "அக்கா, யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது? நாலு செகண்ட் விஷயம் லா அது." இன்னொன்றையும் மறக்காமல் சேர்த்துச் சொல்வேன் — "என்னப் பாருங்க. ஏழு வருஷம் ஆச்சு. ஒரு தடவ விழுந்திருப்பேனா?"

ஆறுதல் சொல்லப் போகிற இடத்தில் யாராவது இப்படிப் பேசுவார்களா? நான் பேசினேன். அந்தப் பெருமையை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்தப் பத்தியில்கூட இரண்டு தடவை எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

போன வாரம் ரீத்தா அக்கா போன் பண்ணினார். சைக்கிளை விற்க ஆன்லைனில் போட்டுவிட்டாராம். ஒரு பெண் பார்க்க வருகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு.

எனக்குப் பகீரென்றது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே... அவருடைய சைக்கிளை நினைத்து இல்லை, என்னை நினைத்துத்தான். எங்கள் வட்டாரத்து சைக்கிள் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் இளவட்டங்கள். முதல் திருப்பத்தைத் தாண்டியதும் காணாமல் போவார்கள். நின்று ஒரு தேத்தண்ணி குடித்து, கொக்கைப் பார்த்து, ஊர்க்கதை பேசி, பிறகு மிதிக்கிற ஆள் எனக்கு அவர் ஒருவர்தான். அவர் போனால் என் ஞாயிற்றுக்கிழமையும் போகும்.

"கடைசியா ஒரு தடவ வாங்க அக்கா. அந்த ஏரிக்கு. காலைல போய்ட்டு, மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்" என்றேன்.

எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "சரி. ஏரியப் பாத்துட்டு வித்துடறேன்" என்றார்.

அந்த ஏரி புக்கிட் மேரா. எங்கள் மாநில எல்லையைத் தாண்டினால் பேராக். நிபோங் திபாலிலிருந்து தோட்டத்துப் பாதைகள், வாய்க்கால் ஓரம், வயல்வெளி என்று போனால் முப்பது கிலோமீட்டர் சொச்சம். நாங்கள் இருவரும் முதல்முதலாக நீண்ட தூரம் ஓட்டியது அங்கேதான்.

ஞாயிறு காலை என் கணவர் சேகர் எங்களையும் இரண்டு சைக்கிள்களையும் காடியில் ஏற்றி, தீவிலிருந்து இரண்டாவது கடற்பாலத்தின் வழியாகக் கொண்டுபோய் நிபோங் திபாலில் இறக்கிவிட்டார். அவர் நேராக ஏரிக்குப் போய் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு காத்திருப்பதாக ஏற்பாடு. இறங்கும்போது என் சைக்கிளைப் பார்த்து, நூறாவது தடவையாக அதைச் சொன்னார்.

"புது வண்டி. பூஜ போடாம ரோட்டுல எறக்கியாச்சு. நான் சொன்னா யார் கேக்கறா?"

மூன்று வாரத்துக்கு முன்னால் வாங்கிய சைக்கிள். நம் ஊரில் புதுக் காடி வாங்கினால் என்ன செய்வோம்? கோயிலுக்கு ஓட்டிப் போய், மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு. சைக்கிளுக்கும் அது உண்டா என்பது எங்கள் வீட்டில் மூன்று வாரமாகத் தீராத விவாதம்.

புறப்பட்டோம்.

ரீத்தா அக்காவின் காலில் கொக்கி வைத்த சப்பாத்து இல்லை. சாதாரண ரப்பர் சப்பாத்து. இரண்டு கைகளும் பிரேக்கிலேயே இருந்தன. செம்பனைக் குலை ஏற்றிய லாரி தூரத்தில் தெரிந்தாலே இறங்கி நின்றார். சந்தி வந்தால் இறங்கினார். ஒரு தோட்டத்து நாய் சும்மா படுத்திருந்தது, அதற்கும் இறங்கினார். எழுந்து குரைக்க வேண்டுமா வேண்டாமா என்று அந்த நாய்க்கே குழப்பம்.

நான் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தேன். "அக்கா, மெதுவா போனாத்தான் விழுவோம்! கண்ண தூரத்துல வைங்க! சக்கரத்தப் பாக்காதீங்க!"

"நீ வாய மூடிட்டு வா மாலா" என்றார், தலைமையாசிரியைக் குரலில்.

தோட்டத்துக்குள்ளே இரண்டு மைல் போனதும் மரங்களுக்கு மேலே அந்தப் புகைபோக்கி தெரிந்தது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். செம்பனை வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் ரப்பர். ரப்பருக்கும் முன்னால் கரும்பு. அந்தக் காலத்து சீனி ஆலையில் மிச்சம் இருப்பது இந்தச் செங்கல் புகைபோக்கியும், கூரை இல்லாத நாலைந்து சுவர்களும், துருப்பிடித்த ஒரு பெரிய இரும்புக் கொப்பரையும்தான். கொப்பரைக்குள் மழைத் தண்ணீரும் தவளைகளும் இருக்கின்றன. புகைபோக்கியை ஓர் ஆலமரம் வேரால் கட்டிப் பிடித்திருக்கிறது. எது எதைத் தாங்குகிறது என்று சொல்ல முடியாது.

அதன் அடியில்தான் முனீஸ்வரர் இருக்கிறார். தகரக் கூரை, மஞ்சள் சுவர், ஆளுயர அரிவாள், தட்டில் சுருட்டு. சுற்றியிருந்த மற்ற சுவர்களின் செங்கல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக யார் யார் வீட்டுக்கோ போய்விட்டது. சாமி சாய்ந்திருக்கும் இந்தப் புகைபோக்கியில் மட்டும் ஒரு கல்லையும் யாரும் தொடவில்லை. சரித்திரச் சின்னங்களைப் பாதுகாப்பது எப்படி என்று யோசிக்கிறவர்கள் இந்த முறையையும் பரிசீலிக்கலாம்.

நாங்கள் எப்போதும் அங்கே நின்று தண்ணீர் குடிப்போம். கோயிலைப் பார்த்துக்கொள்பவர் மாரி அண்ணன். பைராம் தோட்டத்து ஆள். வாரநாளில் ஒரு தொழிற்சாலையில் காவலர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் வந்து கூட்டிப் பெருக்கி விளக்கு வைப்பார். நல்ல கனத்த உடம்பு, கனத்த மீசை. குரல் மட்டும் மெல்லிசு.

என் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "என்னமா, புதுசா?"

"ஆமாண்ணே. மூணு வாரம் ஆச்சு."

"பூஜ போட்டாச்சா?"

நான் கைப்பிடியில் இல்லாத தூசியைத் தட்டினேன். அவர் புரிந்துகொண்டார்.

"ஐயா முன்னாடி வந்து நிக்குது வண்டி. பூஜ இல்லாம அனுப்புவேனா? இருங்க, அஞ்சு நிமிஷம்."

சேகர் போன் பண்ணிச் சொல்லி வைத்தாரோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். சரி, ஒரு விவாதம் முடிகிறதே என்று சம்மதித்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முதுகுப் பையில் எப்போதும் வைத்திருக்கும் கைலியை சைக்கிள் கால்சட்டைக்கு மேலே சுற்றிக்கொண்டு நின்றேன். மாரி அண்ணன் கைப்பிடிக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். சூடம் காட்டினார். செம்பருத்திப் பூவை பிரேக் கம்பியில் செருகினார். ரீத்தா அக்கா ஒரு மரத்தடியில் வாழைப்பழம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்.

பிறகு கோயிலுக்கு வெளியே, மண்பாதையில், முன்சக்கரத்துக்கு ஒன்றும் பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தார். பச்சையாக, கல் மாதிரி இருந்தன.

"ஏறி, நேரா ஓட்டுமா. திரும்பிப் பாக்காத."

கைலியை அவிழ்த்து மடித்து வைத்தேன். சப்பாத்தைப் போட்டேன். இங்கேதான் என் புத்தியைச் சொல்ல வேண்டும். பத்தடி தூரம் ஓட்டப் போகிறேன். அதற்கு எதற்குக் கொக்கி? மாட்டினேன். ஒரு கால் 'டக்'. ரீத்தா அக்கா பார்க்கிறாரே, எப்படிப் புறப்பட வேண்டும் என்று காட்டுவோம் என்று மறு காலும் 'டக்'.

காடிச் சக்கரம் ஒரு சாண் அகலம். நசுக்கும். என் சக்கரம் இரண்டு விரல் அகலம், காற்று அடைத்து இரும்பு போல இருக்கும். மிதித்தேன். முன்சக்கரம் பழத்தின் உச்சியில் ஏறியது. ஏறிய வேகத்தில் பழம் கோலிக்குண்டு போலப் பக்கவாட்டில் தெறித்து ஓடியது. சக்கரம் ஒரு பக்கம் போனது. நான் குதிகாலைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

மெதுவாக... மிக மெதுவாகச் சாய்ந்தேன். சாயும்போது மாரி அண்ணன் முகத்தில் பயம் பரவுவதைக்கூடப் பார்க்க முடிந்தது. அவ்வளவு நேரம் இருந்தது.

தொப்.

விழுந்ததும் நான் முதலில் பார்த்தது முழங்காலை இல்லை. சுற்றிப் பார்த்தேன், யார் யார் பார்த்தார்கள் என்று! மாரி அண்ணன் பார்த்தார். ரீத்தா அக்கா பார்த்தார். முனீஸ்வரர் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாய்கள் எழுந்து நின்று பார்த்தன. முகம் சுட்டது. ஒரு செம்பனைக் காட்டுக்குள், ஆறு ஜீவன்கள்கூட இல்லாத இடத்தில், எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

பர்மா ரோட்டில், பஸ் முழுக்க ஆட்கள் பார்க்க விழுந்தவரிடம் ஆறு மாதமாக 'நாலு செகண்ட் விஷயம்' என்று சொன்னவள் நான்.

ரீத்தா அக்கா ஓடி வந்தார். "மாலா! மாலா! எங்க அடி? கைய அசைச்சுப் பாரு. தலைல பட்டுச்சா?" சப்பாத்தைப் பிடித்துத் திருப்பிக் கொக்கியை விடுவித்தார். முழங்காலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். எலும்பு சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அப்புறம் என் காதோரம் ஒட்டியிருந்த செம்பருத்திப் பூவைப் பார்த்தார்.

சிரிக்க ஆரம்பித்தார்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடியவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "ஏசுவே... ஏழு வருஷம்... ஏழு வருஷம் விழாதவ... எலுமிச்சம்பழத்துல..." கண்ணில் தண்ணீர். எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. அந்தக் கோபத்தோடு அவரை முறைத்தேன். அவர் இன்னும் சிரித்தார். பிறகு என்ன செய்வது? நானும் சிரித்தேன். சிரித்தால் முழங்கால் எரிந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாக்கறவங்களுக்கு இவ்ளோதானா இது?" என்றார். தனக்குத்தானே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"சாரி அக்கா" என்றேன். "ஆறு மாசமா ரொம்பப் பேசிட்டேன்."

"ஆமா. ரொம்ப" என்றார். தலைமையாசிரியைகள் எதையும் குறைத்து மதிப்பெண் போடுவதில்லை.

மாரி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தெறித்து ஓடிய பழத்தை வாய்க்கால் ஓரத்திலிருந்து தேடி எடுத்து வந்தார். முகத்தில் கவலை.

"ஒடையல மா. ரெண்டுமே ஒடையல."

"பரவால்லண்ணே. இன்னொரு நாள் பாக்கலாம்."

"பாதில விட்டா எப்படி? சாமி காரியம் லா இது. கண்ணு கழியாம வண்டி போனா எனக்குத் தூக்கம் வராது."

சைக்கிளை நானே தள்ளிப் பார்த்தேன். ஆள் இல்லாத சைக்கிளுக்குக் கனம் ஏது? பழம் உருண்டதே தவிர நசுங்கவில்லை. "ஆளு மேல இருந்தாத்தான் ஒடையும்" என்றார் மாரி அண்ணன். அவரையே ஏறச் சொன்னேன். என் சைக்கிள் சீட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். "இதுலயா? கத்தி மாதிரி இருக்கு. எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்க மா" என்று விலகிக்கொண்டார்.

நான் ஏற வேண்டும். ஏறினால் தீர்ந்தது. ஆனால் ஏற முடியவில்லை. சக்கரத்தைப் பார்த்தால் பழம் தெரிந்தது. பழத்தைப் பார்த்தால் தரை தெரிந்தது. 'கண்ண தூரத்துல வைங்க' என்று காலையிலிருந்து கத்தியவளுக்கு இரண்டடி தாண்டிக் கண் போகவில்லை.

"கொஞ்சம் இருங்கண்ணே. தண்ணி குடிச்சுக்கறேன்" என்றேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன்.

ரீத்தா அக்கா எழுந்தார். கால்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். என் கையிலிருந்து சைக்கிளை வாங்கினார்.

"அக்கா, வேண்டாம். வழுக்கும்" என்றேன். நிஜமாகவே பயந்தேன். இன்னொரு தடவை அவர் விழுந்தால் எல்லாம் முடிந்தது. நாலு மணிக்கு முன்னாலேயே விற்றுவிடுவார்.

"அஞ்சு அடி பின்னால போய், வேகமா வரணும். மெதுவா போனாத்தான் விழுவோம். யாரோ காலைலேருந்து சொல்லிட்டே வந்தாங்க" என்றார்.

மாரி அண்ணன் இரண்டு பழங்களையும் மறுபடியும் பாதையில் வைத்தார். அக்கா சைக்கிளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். ஏறி உட்கார்ந்தார். ஒரு கால் தரையில். சட்டைக்குள்ளிருந்து, சங்கிலியில் தொங்கிய மாதா சுரூபத்தை எடுத்து முத்தமிட்டு, நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை வரைந்தார். முனீஸ்வரருக்கு நேர் எதிரில்.

"மாரி அண்ணே, இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார்.

மாரி அண்ணன் ஒரு விநாடி கோயிலைத் திரும்பிப் பார்த்தார். "செய்ங்க டீச்சர். ஆனா நேரா போங்க" என்றார்.

அக்கா மிதித்தார். கண் புகைபோக்கி உச்சியில் இருந்தது. பழத்தின் மேல் முன்சக்கரம் ஏறியது. சைக்கிள் ஒரு குலுக்குக் குலுங்கியது. கைப்பிடி ஆடியது. அவர் பிரேக்கைத் தொடவில்லை.

சளக்.

பின்சக்கரம். இன்னொரு சளக்.

எலுமிச்சை வாசனை குப்பென்று வந்தது. மாரி அண்ணன் கைதட்டினார். அக்கா நிற்கவில்லை. பாதையின் கடைசிவரை போய், அந்தத் துருப்பிடித்த கொப்பரையை ஒரு வட்டம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார். வரும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். ஆறு மாதமாக நான் பார்க்காத முகம்.

"உன் வண்டி நல்லா ஓடுது மாலா" என்றார்.

அப்புறம்தான் நான் கும்பிட்டேன். நன்றாக, மனசாரக் கும்பிட்டேன்.

அதன் பிறகு ஏரிவரை ரீத்தா அக்காதான் முன்னால். நான் பின்னால், முழங்காலை முனகவிட்டுக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்தபடி போனேன். சந்திகளில் அவர் இறங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, தாண்டினார். வயல்வெளியில் எதிர்க்காற்று அடித்தது. நான் முன்னால் வரட்டுமா என்று கேட்டேன். "பின்னால காத்து படாம வா. காயம் பட்டவ" என்றார். அதிலிருந்த கிண்டலை நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

ஏரி அப்படியே இருந்தது. தண்ணீரில் வானம், தாமரை இலை, அங்கங்கே பட்டுப்போன மரக்கட்டை, கட்டைக்கு ஒரு பறவை. ஏரிக்கு நடுவே ரயில் பாலம் போகிறது. நாங்கள் கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது தென்பக்கமிருந்து ரயில் வந்தது. தண்ணீரின் மேல் ஓடுவது போலவே இருக்கும். அக்கா கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தார். உயர்த்தி ஆட்டினார், சின்னப் பெண் மாதிரி. காலையில் பிரேக்கிலிருந்து ஒரு விரலைக்கூட எடுக்காத கை அது. ரயிலில் யாராவது பதிலுக்குக் கையாட்டினார்களா, தெரியாது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிர்க்காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

கரையில் சேகர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். என் முழங்காலைப் பார்த்துப் பதறி எழுந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ரீத்தா அக்கா முழுக் கதையையும் சொல்லிவிட்டார். சொன்னார் என்பது சரியில்லை. நடித்தே காட்டினார். நான் சாய்ந்த இடத்தை மட்டும் மூன்று தடவை நடித்தார், ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாக.

சேகர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடியே யோசித்தார். "முழுப் பழமா வெச்சாரு? சைக்கிளுக்கு நறுக்கித்தான் வெப்பாங்க. பாதிப் பாதியா. அப்பத்தான் உருளாது."

"இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியுமே. நீ கேக்கலியே."

கல்யாணமாகி இருபத்தேழு வருடம். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதற்கே இத்தனை வருடம் ஆகிறது.

சாப்பிட்டோம். வெயில் ஏறியது. மணி ஒன்றரை. ஊருக்குக் கிளம்ப வேண்டும், நாலு மணிக்கு அந்தப் பெண் வருவாள். நான் கேட்கவில்லை. ஆறு மாதம் பேசிய வாயை இன்றாவது மூடிவைப்போம் என்று சம்பாலைத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். அக்கா ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிள் மரத்தில் சாய்ந்திருந்தது. ஆறு மாதத் தூசி போய், சக்கரத்தில் புது மண் ஒட்டியிருந்தது.

அவர் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஹலோ, ஆ... சாயந்தரம் சைக்கிள் பாக்க வர்றேன்னு சொன்னீங்கல்ல? ரீத்தா டீச்சர் பேசறேன். சாரி மா. அது விக்கறதுக்கு இல்ல. ...ஆமா, மனசு மாறிடுச்சு. அடுத்த வாரம் அத ஓட்டணும்."

நான் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கலாம் என்று எழுந்தேன். ஆனால் அவர் இன்னும் போனை வைக்கவில்லை. என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார்.

"இருங்க, இருங்க, வெச்சிடாதீங்க. சைக்கிள் வேணும்னா இங்க இன்னொன்னு இருக்கு. புதுசு. மூணு வாரம்தான் ஆச்சு. பூஜையெல்லாம் போட்டாச்சு... ஓனரம்மா ஒரே ஒரு தடவதான் விழுந்திருக்காங்க!"